மூடுவது யார், மூடப்படுவது யார்: குறுக்கெழுத்தில் உறைகளும் கோபுரங்களும்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “குறுக்கெழுத்தில் மூடி, உறை, போர்த்தி என்று ஏதாவது வந்தாலே எனக்குக் குழப்பம்தான். கோயில், கோட்டை என்று கட்டிடம் வந்தால் ஊர்ப் பெயரைத் தேடி அலைகிறேன். ‘புலித்தலையை மூடிய கோரம், கோயில் வாசலில் (4)’ என்ற குறிப்புக்கு விமானம் என்று எழுதிவிட்டேன். கடைசிக் கட்டத்தில் ‘ம்’ சரியாக விழுந்தது. ஆனால் விடை அது இல்லையாம். இதையெல்லாம் எப்படி அணுகுவது?”

தம்பி, உங்கள் குறிப்பிலிருந்தே தொடங்குவோம். அது நல்ல குறிப்பு. எனக்குப் பிடித்த வகையும்கூட. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 4 என்பது விடையில் எத்தனை எழுத்து என்ற கணக்கு, ‘ம்’ போன்ற மெய்யும் அதில் ஓர் எழுத்து.

புலித்தலை என்றால் புலி என்ற சொல்லின் தலை, அதாவது முதல் எழுத்து: பு. கோரம் என்பது அப்படியே கோரம். பு-வைக் கோரம் மூடிக்கொள்ள வேண்டும். கோ, அப்புறம் பு, அப்புறம் ரம். கோபுரம். கோயில் வாசலில் நிற்பது அதுதான். குறிப்பை மேலோட்டமாகப் படித்தால் வாசலில் ஏதோ பயங்கரமான உருவம் புலித்தலையோடு நிற்கிற மாதிரி ஒரு காட்சி வருகிறது. சோழர் கொடியில் இருந்த புலியும் நினைவுக்கு வந்து நம்மைத் திசை திருப்பும். அதற்குள்ளேயே விடை கட்டப்பட்டிருக்கிறது.

நீங்கள் விமானத்தில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அந்த ‘ம்’. கட்டிடச் சொற்களில் இது பெரிய பொறி. கோபுரம், விமானம், மண்டபம், பிரகாரம், கலசம், மாடம், எல்லாமே ‘ம்’-இல்தான் முடிகின்றன. அதனால் கடைசிக் கட்டத்தில் ‘ம்’ கிடைத்தால் அதை ஆதாரமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டிடம் என்று தெரிந்த குறிப்பில் இரண்டாவது எழுத்து எது என்று பாருங்கள். கோபுரத்தில் பு, விமானத்தில் மா, கலசத்தில் ல. அங்கேதான் பிரிவு தெரியும்.

இப்போது மூடுவதற்கு வருவோம். நம் மொழியில் யார் வெளியே, யார் உள்ளே என்பதை வேற்றுமை உருபு சொல்லிவிடும். “புலித்தலையை மூடிய கோரம்” என்பதில் ‘ஐ’ ஏறியிருப்பது புலித்தலை மேல். எதன் மேல் ‘ஐ’ இருக்கிறதோ அது உள்ளே போகும். இது நேரான பாதை. சிக்கல் ‘ஐ’ இல்லாதபோதுதான். “மேகம் மூடிய நிலா” என்கிறோம். மூடியது மேகம், உள்ளே இருப்பது பின்னால் வரும் நிலா. “நிலாவை மூடிய மேகம்” என்றாலும் உள்ளே இருப்பது நிலாதான். ஒரே காட்சி, இரண்டு வரிசை. ‘மூடிய’ என்ற பெயரெச்சம் இரண்டு பக்கமும் திரும்பக்கூடிய கதவு மாதிரி. அதனால் மூடிய, போர்த்திய, அணைத்த, சூழ்ந்த, கொண்ட என்று எது வந்தாலும் முதலில் அதற்கு முன்னால் இருக்கும் சொல்லில் ‘ஐ’ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தச் சொல் உள்ளே. இல்லையென்றால் பெரும்பாலும் பின்னால் வருவது உள்ளே.

‘கொண்ட’ என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். காவிரிக் கரைக்காரர்களுக்கு இது பழகிய சொல். கங்கை கொண்ட சோழபுரம் என்று ஒரு தலைநகரத்துக்கே பெயர் வைத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். முடிகொண்டான் என்று ஆறும் ஊரும் இருக்கின்றன. கொள்வது என்றால் வெல்வது, எடுத்துக்கொள்வது, உள்ளே அடக்குவது, மணந்துகொள்வது என்று பல பொருள். நான் 17 வருஷம் மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்குப் பாசஞ்சரில் வேலைக்குப் போய் வந்தேன். எங்கள் பெட்டியில் நான்கு பேர் தினம் ஒரு குறிப்பு கட்டுவோம். ஒரு நாள் வண்டி கும்பகோணத்தில் நின்றபோது ஒருவர் சொன்னது இது:

“ராசுவைக் கொண்ட மனைவி, கும்பகோணம் பக்கம் (5)”

அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் விடை சொல்ல வேண்டும் என்றார். யாரும் சொல்லவில்லை. வண்டி நின்றதும் ஜன்னல் வழியாகப் பெயர்ப் பலகையைக் காட்டினார். மனைவி என்றால் தாரம். தா-வுக்கும் ரம்-முக்கும் நடுவில் ராசுவை வையுங்கள்: தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் இருக்கிற ஊர். தினமும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே போன எங்களுக்கு, அந்த ஊருக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “ராசுவைக் கொண்ட மனைவி” என்பதை ராசுவைக் கட்டிக்கொண்டவள் என்று இயல்பாகப் படிக்க முடிகிறது பாருங்கள், அங்கேதான் அந்தக் குறிப்பின் அழகு.

இனி, ‘மூடி’ என்று மட்டும் வந்தால்? அது மூன்று வேலை செய்யும். ஒன்று, மேலே பார்த்த மாதிரி ஒன்றை இன்னொன்று மூடுவது. இரண்டு, பாத்திரத்தின் மூடி, அதாவது பொருள். மூன்றாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: தேங்காய் மூடி. நம் வீட்டில் தேங்காய் மூடி என்றால் பாதித் தேங்காய். ஆகவே ‘மூடி’ பாதியைக் குறிக்கவும் வரலாம்.

“தேங்காய் மூடி, பழுக்காதது (2)”

தேங்காய் நான்கு எழுத்து. அதில் ஒரு மூடி, இரண்டு எழுத்து. தேங் என்பது சொல் ஆகாது. காய் ஆகும். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கொடுக்க இதைவிட நல்ல குறிப்பு எனக்குத் தெரியாது. சமையலறையிலேயே விளங்கிவிடும்.

‘உறை’ இன்னும் செழிப்பான சொல். கடித உறை, தலையணை உறை, வாளுறை. தயிருக்கு ஊற்றும் உறைமோர். கிணற்றுக்குள் இறக்கும் சுடுமண் உறை. உறைந்துபோன நெய். கோயிலில் உறையும் தெய்வம். சின்ன வயதில் அம்மா பக்கத்து வீட்டில் “கொஞ்சம் உறை குடுங்க” என்று கிண்ணத்தோடு அனுப்புவார். அதே நாள் மாலையில் தபாலாபீஸில் உறை வாங்கி வரச் சொல்வார். இரண்டும் ஒரே சொல் என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை. குறுக்கெழுத்து கட்டத் தொடங்கிய பிறகுதான் அது உறைத்தது.

குறிப்பில் ‘உறை’ வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது மூடும் பொருளா, இல்லை உள்ளே தங்கும் செயலா? இரண்டும் எதிரெதிர் திசை. “கோரத்தில் உறையும் புலித்தலை” என்று எழுதினால், மறுபடியும் கோபுரம்தான் விடை. அங்கே உறை என்றது உள்ளே இருப்பதை. ஆனால் “கத்தி தூங்குமிடத்தில் ஊர், பழைய சோழர் தலைநகர் (4)” என்றால், உறை என்பது விடைக்குள்ளேயே ஒரு துண்டாக வந்துவிடுகிறது: உறை, ஊர், உறையூர். இங்கே இன்னொன்றைக் கவனியுங்கள். கட்டத்தில் ‘ஊ’ வராது, ‘யூ’தான் வரும். இரண்டு சொல் சேரும்போது நடுவில் வரும் உடம்படுமெய் கட்டத்தையும் மாற்றிவிடும். கல்லோடு அணை சேர்ந்தால் ஒரு ‘ல்’ கூடுவதும் இதே கதை. குறுக்கே வரும் எழுத்து ஒத்துப்போகவில்லை என்று விடையை அழிப்பதற்கு முன், சேர்த்து எழுதிப் பாருங்கள்.

கல்லணை என்றதும் ஒரு குறிப்பு:

“பாறையைத் தழுவு, காவிரி பிரியுமிடம் (4)”

இதைக் கொடுத்தால் நன்றாகப் பழகியவர்களும் பாறையைச் சுற்றி எழுத்து வைக்கத் தொடங்கிவிடுவார்கள். ‘ஐ’ இருக்கிறது, தழுவு என்றும் இருக்கிறது, அப்படியானால் பாறை உள்ளே போக வேண்டும் என்று. ஆனால் தழுவு என்றால் அணை. பாறை என்றால் கல். அவ்வளவுதான், கல்லணை. நான் மேலே சொன்ன ‘ஐ’ விதி இங்கே ஏமாற்றிவிட்டதே என்று கேட்பீர்கள். ஏமாற்றவில்லை. விதியைப் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: இந்த மூடும் சொல் வேலை செய்ய வந்திருக்கிறதா, இல்லை தானே விடைக்குள் போகப் போகிறதா? எனக்குத் தெரிந்து, இந்த வகைக் குறிப்புகளில் முக்கால்வாசிக் குழப்பம் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருவது. அங்கே போனால் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புதாறு என்று தண்ணீர் பிரிவதைப் பார்க்கலாம். குறிப்பிலும் அப்படித்தான், ஒரே சொல் எந்தப் பக்கம் பிரிகிறது என்று பார்த்து நிற்க வேண்டும்.

மூன்றாவதாக, மூடும் பொருள்களே விடையாக வருவது. இங்கே சிலேடைதான் ஆட்சி. 1913இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில் நேரடியான கேள்விகள்தான் இருந்தன. இப்படிச் சுற்றிவளைக்கும் குறிப்புகள் பிற்பாடு இங்கிலாந்தில் வளர்ந்தன. நமக்கு அது புதிதாகவே தோன்றவில்லை, ஏனென்றால் ஒரு சொல்லை இரண்டு பொருளில் நிறுத்தி ரசிப்பது நாம் காலங்காலமாகச் செய்துவருவது. சிலவற்றைப் பாருங்கள்.

“புத்தகத்தை மூடும், நடவு வயலில் கடிக்கும் (3)” என்றால் அட்டை. சேற்றில் இறங்கியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். “மனத்தை இழு, தபால்காரர் கொண்டுவருவது (3)” என்றால் கவர். இது ஆங்கிலத்திலிருந்து வந்த கவரும் நம் பழைய கவரும் ஒரே எழுத்தில் சந்திக்கிற இடம். கடையில் “ஒரு கவர் போட்டுக் குடுங்க” என்று கேட்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான், அதனால் இதைக் குறிப்பில் பயன்படுத்துவது நியாயமே. “களத்துக் குவியலை வை, மார்கழிக் குளிருக்கு ஆகும் (3)” என்றால் போர்வை. குவியல் என்பது வைக்கோல் போர். யுத்தம் என்று எழுதியும் இதே குறிப்பைக் கட்டலாம், ஆனால் தாளடி அறுத்த களத்தைப் பார்த்தவனுக்குக் குவியல்தான் முதலில் தோன்றும்.

ஒலியை வைத்து விளையாடுவதும் உண்டு. “வீட்டை மூடுவது போல ஒலிக்கும், மணப்பெண்ணை மூடும் (2)”. வீட்டை மூடுவது கூரை. மணப்பெண்ணை மூடுவது கூறை. மயிலாடுதுறையில் கொரநாடு என்று நாம் சொல்லும் இடத்தின் எழுத்து வடிவம் கூறைநாடு. கூறைப் புடவைக்குப் பேர்போன இடம். பேச்சில் ரகரமும் றகரமும் நமக்கு ஒன்றாகிவிட்டதால் இந்தக் குறிப்பு வேலை செய்கிறது. கட்டத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘ஒலிக்கும்’ என்ற சொல் எதனோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டோடு ஒட்டியிருப்பதால் விடை வீட்டுக்கூரை இல்லை, மற்றது.

இப்போது கட்டிடங்கள். இதில்தான் எனக்கு மனத்தாங்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் “தஞ்சைப் பெரிய கோயிலின் மிக உயர்ந்த பகுதி (4)” என்று வந்தது. நான் விமானம் என்று எழுதினேன். அடுத்த இதழில் விடை கோபுரம் என்று போட்டிருந்தார்கள். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. விஷயம் என்னவென்றால், கருவறைக்கு மேலே எழுவது விமானம். வாசலில் எழுவது கோபுரம். பிற்காலக் கோயில்களில் வாசல் கோபுரங்கள் வானத்தைத் தொடுகின்றன. திருவரங்கத்து ராஜகோபுரம் 236 அடி, 1987இல்தான் முடிந்தது. அங்கெல்லாம் விமானம் உள்ளே அடக்கமாக இருக்கும். தஞ்சையில் தலைகீழ். கேரளாந்தகன் திருவாசல், ராஜராஜன் திருவாசல் என்ற இரண்டு கோபுரங்களைத் தாண்டி உள்ளே போனால், அவற்றைவிட மிக உயரமாக, சுமார் 216 அடிக்கு விமானம் நிற்கிறது. பெரிய கோயிலை மற்ற கோயில்களிலிருந்து வேறுபடுத்துவதே அதுதான். அதைக் கோபுரம் என்று அச்சடித்தால், தெரிந்தவனைத் தண்டித்து, தெரியாதவனுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிறது.

அதனால் விமானத்துக்கு நான் கட்டிய குறிப்பு இது:

“கருவறையை மூடி நிற்கும், திருச்சியில் வந்து இறங்கும் (4)”

இதில் மூடி எந்தத் தந்திரமும் செய்யவில்லை. உண்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான். தந்திரம் இறங்குவதில் இருக்கிறது.

அந்த விமானத்தின் உச்சிக்கு இன்னொரு குறிப்பு: “சகலம் கலைந்தாலும் விமான உச்சியில் நிற்கும் (4)”. கலைந்தால், குழம்பினால், சிதறினால் என்று வந்தால் எழுத்துகளை இடம் மாற்றச் சொல்கிறார்கள். ச, க, ல, ம். கலசம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று இந்தக் கலசத்தைப் பற்றியே பேசுகிறது. ராஜராஜன் தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில், விமானத்தின் மேல் வைக்க ஒரு செப்புக்குடம் கொடுத்தான். குடத்தின் எடை 3,083 பலம். அதன் மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு. பொ.ஆ. 1010 அது. கருவறையை விமானம் மூடுகிறது, விமானத்தைக் குடம் முடிக்கிறது, குடத்தைப் பொன் மூடுகிறது. மூடுவதைப் பற்றிக் குறிப்பு கட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதே கோயிலைப் பற்றி இன்னொரு பழக்கம் உண்டு. “நிழல் தரையில் விழாத கோயில்” என்று குறிப்பு எழுதுவார்கள். தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள், விமானத்தின் நிழல் முற்றத்தில் நீளமாகக் கிடக்கும், அதில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். குறிப்பு வாசகனைச் சுற்ற வைக்கலாம். பொய் சொல்லக் கூடாது. அந்தக் கோயிலுக்குக் கட்டுக்கதை தேவையே இல்லை, இருப்பதே அவ்வளவு இருக்கிறது.

கட்டிடம் வந்தால் ஊர்ப் பெயரைத் தேடி அலைவதாகச் சொன்னீர்கள். சில சமயம் அது சரிதான். “அலை பாடி, டேனிஷ்காரர் கோட்டை கட்டிய ஊர் (7)” என்றால் விடை ஊர்தான். தரங்கம் என்றால் அலை, தரங்கம்பாடி. 1620இல் தொடங்கிய கோட்டை இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. “நாக்கு கூர்மை, தர்கா இருக்கும் ஊர் (3)” என்றால் நா, கூர், நாகூர். ஆனால் “மனோராஜ்யத்தில் பாதி, கடலோரம் நிற்கிறது (3)” என்றால் விடை கட்டிடமே: மனோரா. மனோராஜ்யம் ஆறு எழுத்து, முதல் மூன்று போதும். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814-15இல் மல்லிப்பட்டினம் பக்கம் கட்டிய அறுகோணக் கட்டிடம் அது. பிரெஞ்சுக்காரர் ஒருவரின் வீழ்ச்சிக்கு நம் கடற்கரையில் நினைவுச்சின்னம் என்பதே ஒரு புதிர் மாதிரி இருக்கிறது.

அப்படியானால் ஊரா, கட்டிடமா, கட்டிடத்தின் உறுப்பா என்று எப்படித் தெரியும்? குறிப்பின் இரண்டு ஓரங்களைப் பாருங்கள். விளக்கம் முதலிலோ கடைசியிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. அந்த ஓரத்தில் ‘ஊர்’, ‘பக்கம்’, ‘அருகே’ என்று இருந்தால் ஊர். ‘நிற்கிறது’ என்று இருந்தால் கட்டிடம். ‘வாசலில்’, ‘உச்சியில்’, ‘தாங்கும்’ என்று இருந்தால் உறுப்பு. உங்கள் குறிப்பில் “கோயில் வாசலில்” என்று எழுதியிருந்தார்கள். விமானத்தை அந்த ஒரு சொல்லே தள்ளிவிட்டது.

உள்ளே இருக்கும் பொருளும் கட்டிடத்தைச் சுட்டலாம். “தயிரை மூடும், சரசுவதி மகாலில் அடுக்கியிருக்கும் (2)”. தயிரின் மேல் படிவது ஏடு, ஓலைச்சுவடியும் ஏடு. இந்தக் குறிப்பைச் சொன்னவர் எங்கள் பெட்டியில் வந்த ஒரு தமிழாசிரியர். அன்றைக்கு மட்டும் எல்லோரும் கைதட்டினோம்.

நீங்கள் பழக ஒன்று தருகிறேன், விடையை இங்கே எழுதப் போவதில்லை. “மூன்று வனம் சேர்ந்து தலையை மூடும் (4)”. மூடும் என்பது வேலை செய்கிறதா, விளக்கமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று என்ற சொல் இன்னொரு சொல்லோடு சேரும்போது எப்படிக் குறுகும் என்று யோசியுங்கள். கிடைத்ததும் எழுதுங்கள் தம்பி, அடுத்ததாக திருவாரூர்த் தேரை வைத்து ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன்.